ஏணி வைத்த வீடு

சரித்திரம் என்றால் நமக்கு உடனே கோட்டையும் கொத்தளமும் ஞாபகத்துக்கு வந்துவிடுகின்றன. எந்த அரசன் எந்த ஆண்டில் யாரைத் தோற்கடித்தான், எத்தனை கப்பல், எத்தனை குதிரை என்று கணக்குச் சொன்னால்தான் சரித்திரம் கேட்ட திருப்தி உண்டாகிறது. நார்வே தேசத்துக்கும் அப்படிப்பட்ட சரித்திரம் உண்டு. வைக்கிங்குகள் என்னும் கடலோடிகள் ஐரோப்பாவின் கரையோரங்களை நடுங்க வைத்த காலம் ஒன்று. பிறகு நானூறு ஆண்டுகளுக்கு மேல் டென்மார்க்கோடு பிணைந்து கிடந்த காலம். 1814-இல் அந்தப் பிணைப்பு அறுந்து ஸ்வீடன் அரசரின் கீழ் வந்தது. 1905-இல் அதுவும் அறுந்து தனி நாடாயிற்று. இவற்றையெல்லாம் பாடப் புத்தகங்களில் படித்துக்கொள்ளலாம்.

நான் எழுதப் போவது ஓர் ஆட்டுப் பண்ணையின் சரித்திரம். அதன் மேல் எந்த அரசனும் படையெடுக்கவில்லை. படையெடுத்திருந்தாலும் கொஞ்சம் சிரமப்பட்டிருப்பான். ஏனென்றால் அந்தப் பண்ணை வீட்டுக்குப் போவதற்கு முதலில் படகு வேண்டும். பிறகு நல்ல முழங்கால்கள் வேண்டும். அதற்கும் பிறகு, அந்தக் காலத்தில், ஓர் ஏணி வேண்டும். ஏணியை மேலே இழுத்துக்கொண்டால் அதோடு தீர்ந்தது விஷயம்.

அந்த வீட்டைப் பார்ப்பதற்கென்று ஒரு ஜூலை மாதத்தில் ஒரு நாளைச் செலவழித்தேன். நான் செலவழித்த நாட்களில் இவ்வளவு வட்டியோடு திரும்பி வந்த நாள் வேறில்லை.

வீட்டுக்குப் போகும் முன் அது இருக்கும் இடத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். நார்வேயின் மேற்குக் கரையில் கடல் நிலத்துக்குள் நூற்றுக்கணக்கான விரல்களை நீட்டியிருக்கிறது. அந்த விரல்களுக்கு ஃபியோர்டு என்று பெயர். தமிழில் இதற்கு நேரான சொல் இல்லை. கழி என்றால் முழங்கால் ஆழத்து உப்பங்கழி கண்முன் வருகிறது. வளைகுடா என்றால் அகன்ற கடல் தோன்றுகிறது. ஃபியோர்டு இரண்டும் இல்லை. பனி யுகத்தில் பிரம்மாண்டமான பனியாறுகள் மலைகளுக்கு இடையே ஊர்ந்து ஊர்ந்து, பள்ளத்தாக்குகளைக் கடல் மட்டத்துக்கும் கீழே குடைந்துவிட்டன. பனி உருகி விலகியதும் அந்தப் பள்ளங்களுக்குள் கடல் புகுந்துகொண்டது. ஒரு மலைத்தொடரைக் கழுத்து மட்டும் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. இரண்டு பக்கமும் மலைகள் தண்ணீரிலிருந்து நேராகச் சுவர் போல எழும்புகின்றன.

நான் போனது கெய்ராங்கர் ஃபியோர்டு. நீளம் 15 கிலோமீட்டர். அதிகமான அகலம் ஒன்றரைக் கிலோமீட்டர். ஆழமோ 260 மீட்டர். சுற்றியுள்ள சிகரங்கள் 1,600, 1,700 மீட்டர் உயரம். 2005-இல் யுனெஸ்கோ சபை இதையும், இன்னும் தெற்கே உள்ள நேரோய் ஃபியோர்டையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அழகு இருக்கட்டும். இந்த இடத்தில் ஒரு குடியானவன் எப்படிப் பிழைப்பான்? அதுதான் கேள்வி. நார்வே தேசம் முழுவதிலுமே நூறு ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொண்டால் சுமார் மூன்று ஏக்கர்தான் பயிரிடத் தக்கது. மற்றதெல்லாம் பாறை, காடு, பனி, சதுப்பு. ஃபியோர்டின் ஓரத்திலோ அந்த மூன்று ஏக்கரும் இல்லை. மலைச் சுவரில் எங்கேயாவது ஒரு விளிம்பு கொஞ்சம் சாய்வு குறைந்து, மண் தங்கி, புல் முளைத்திருந்தால் அதுதான் நிலம். அப்படிப்பட்ட விளிம்புக்கு அவர்கள் பாஷையில் 'ஃப்ளோ' என்று பெயர். நம் வீட்டுச் சுவரில் விளக்கு வைக்க ஒரு பிறை இருக்குமே, அதைப் போல மலைச் சுவரில் இயற்கை அமைத்த பிறை என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பிறையிலும் ஒரு குடும்பம்! ஸ்காகெஃப்ளோ, க்னிவ்ஸ்ஃப்ளோ என்று பண்ணைகளின் பெயரிலேயே அந்த விளிம்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நான் பார்க்கப் போனது ஸ்காகெஃப்ளோ. தண்ணீர் மட்டத்திலிருந்து சுமார் 250 மீட்டர், அதாவது எண்ணூறு அடிக்கு மேல்.

எனக்குத் துணையாக வந்தவர் ஒரு யாழ்ப்பாணத்து நண்பர். எண்பதுகளில் இலங்கையில் நடந்த கொடுமைகளுக்குப் பிறகு நார்வேக்கு வந்து சேர்ந்த தமிழ் இளைஞர்களில் ஒருவர். வடகோடியில், சூரியன் இரண்டு மாதம் தலைகாட்டாத ஊரில், மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இப்போது தலை நரைத்துவிட்டது. நார்வேஜிய பாஷையை அந்த ஊர்க்காரர்களைப் போலவே பேசுகிறார். அதிகம் பேசுவதில்லை என்பதும் அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டதாக இருக்கலாம்.

கெய்ராங்கர் என்ற சிற்றூர் ஃபியோர்டின் தலைமாட்டில் இருக்கிறது. நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் இருநூறு, இருநூற்றைம்பது பேருக்கு மேல் இல்லை. வெள்ளை வெளேரென்று எட்டுப் பட்டையாக ஒரு மாதா கோயில்; 1842-இல் கட்டியது. கோடைக்காலத்தில் ஊரை விடப் பெரிய உல்லாசக் கப்பல்கள் வந்து ஊருக்கு முன்னால் நின்று விடுகின்றன. அங்கிருந்து ஒரு சிறு படகில் புறப்பட்டோம். நல்ல வெயில். ஆனாலும் காற்று ஊசி போலக் குத்திற்று. படகு கரையை விட்டு விலகியதும் பேச்சுச் சத்தம் தானாக அடங்கிவிட்டது. அந்த மலைச் சுவர்களுக்கு நடுவில் உரக்கப் பேசுவதற்கு யாருக்கும் மனம் வரவில்லை.

அரை மணிக்குள் 'ஏழு சகோதரிகள்' என்ற அருவி வந்துவிட்டது. வலது புறத்து மலையிலிருந்து ஏழு வெள்ளி இழைகள் விழுகின்றன. அவற்றில் நீளமானது சுமார் 250 மீட்டர் தடையில்லாமல் விழுகிறது. அதற்கு எதிர்க்கரையில் தனியாக ஓர் அருவி. அதற்கு 'மாப்பிள்ளை' என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். ஏழு பெண்களையும் கேட்டுப் பார்த்து ஒருத்தியும் சம்மதிக்காமல் நின்றுவிட்டவனாம். எந்தத் தேசமானாலும் மனிதர்கள் மலைக்கும் அருவிக்கும் கல்யாணம் பேசாமல் இருப்பதில்லை.

அருவியைப் பார்த்த கண்ணைத் திருப்பி எதிர்ப்பக்கத்து மலையைப் பார்த்தபோதுதான் அந்த வீடு தெரிந்தது. முதலில் பாறையில் ஒட்டிய கறை என்று நினைத்தேன். பிறகு கூரை தெரிந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு கூரைகள். சுற்றிலும் பச்சைத் துணி விரித்த மாதிரி ஒரு துண்டு புல். அதற்குக் கீழே வெறும் பாறை. மேலேயும் வெறும் பாறை. குருவிகள் எப்படி அங்கே கூடு கட்டின என்று கேட்கலாம். மனிதர்கள் எப்படி வீடு கட்டினார்கள் என்று கேட்க வாய் வரவில்லை. விட்டம், உத்தரம், அடுப்பு, அண்டா எல்லாம் இந்தத் தண்ணீரிலிருந்து அந்த விளிம்புக்கு ஏறிப் போயிருக்கின்றன, மனிதர்களின் முதுகில்.

படகுக்காரர் பாறையோரத்தில் படகின் மூக்கை ஒட்ட வைத்து எங்களைக் குதிக்கச் சொன்னார். கரை என்று சொல்லத் தக்கது அங்கே கிடையாது. பத்துப் பேர் இறங்கினோம். படகு திரும்பிப் போய்விட்டது. இனி ஊர் திரும்ப மலை வழியாகத்தான் நடந்து போக வேண்டும்.

பாதை மலையின் மேல் வளைந்து வளைந்து ஏறுகிறது. செங்குத்தான இடங்களில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் பாறை. மறு பக்கம், கால் தவறினால், ஃபியோர்டு. முக்கால் மணி நேரம் ஏறிய பிறகு எங்களோடு வந்த ஒரு நார்வேஜியப் பெரியவர் ஓரிடத்தில் நின்று, "இங்கேதான் ஏணி இருந்ததாகச் சொல்வார்கள்" என்றார். நண்பர் தமிழில் சொன்னார்.

அந்த ஏணியின் கதை ஃபியோர்டில் எல்லோருக்கும் தெரியும். அரசாங்கத்து வரி வசூல் அதிகாரி படகில் வருவது மேலிருந்து வெகு தூரத்திலேயே தெரிந்துவிடுமாம். உடனே ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்களாம். அதிகாரி கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, கணக்குப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பிப் போவாராம். கேட்பவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். வரி கட்டுகிறவர்கள் உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் இந்தக் கதைக்குச் சிரிக்காமல் இருக்க முடியாது.

ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நல்ல கதையைக் கேட்டால் அது எப்படி நடந்திருக்கும் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவான். யோசித்துப் பார்த்தேன். வரி அதிகாரி ஒரு நாள் திரும்பிப் போகலாம். மறுநாள்? அடுத்த மாதம்? மேலே இருப்பவர்கள் எத்தனை நாளைக்கு இறங்காமல் இருக்க முடியும்? உப்பு வேண்டும், மாவு வேண்டும். பிள்ளைக்கு ஞானஸ்நானம் செய்து வைக்கக் கோயிலுக்கு வர வேண்டும். பாலாடைக் கட்டியை விற்க வர வேண்டும். கோயில் வாசலில் அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் ஏணி என்ன செய்யும்? அரசாங்கம் என்பது மிகவும் பொறுமையான பிராணி. அதற்கு மலை ஏறத் தெரியாமல் இருக்கலாம், காத்திருக்கத் தெரியும்.

ஏணி நிஜந்தான் என்று வைத்துக்கொள்வோம். அது பாறையைத் தாண்டுவதற்காக வைத்த ஏணி. வரியைத் தாண்டுவதற்காக வைத்ததல்ல. ஆனால் தினந்தோறும் ஏறி இறங்கி முதுகு ஒடிந்தவர்கள், வருஷத்தில் ஒரு நாளாவது அந்த ஏணி தங்களுக்காக ஒரு நல்ல காரியம் செய்தது என்று சொல்லிச் சிரிக்க ஆசைப்பட்டிருக்க மாட்டார்களா? சரித்திரத்தில் எளியவர்களுக்குக் கிடைக்கும் வெற்றிகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. நடந்தது அரைப் பங்கு. நடந்திருக்க வேண்டுமென்ற ஆசை அரைப் பங்கு. இரண்டையும் பிரிக்கப் போனால் கதையும் உடையும், மனிதனும் உடைவான்.

மேலே போய்ச் சேர்ந்தோம். மூச்சு நின்று திரும்பி வந்தது. ஏழு சகோதரிகள் இப்போது நேர் எதிரே, கண் மட்டத்தில். கீழே சற்று முன் மாளிகை போலத் தெரிந்த உல்லாசக் கப்பல், குழந்தை தொட்டியில் மிதக்க விட்ட பொம்மையாக இருந்தது. அதன் புகைபோக்கியை நான் மேலிருந்து பார்த்தேன்!

பாறையை ஒட்டினாற்போல் மர வீடுகளும் கொட்டில்களும் நிற்கின்றன. இந்தப் பக்கத்தில் இது வளமான பண்ணைகளில் ஒன்று. நூற்றுக்கு மேல் ஆடுகள் இருந்தன என்கிறார்கள். ஆடுதான் இங்கே செல்வம். மாடு ஏறத் தயங்கும் பாறையில் ஆடு நாட்டியம் ஆடும். ஆட்டுப் பாலைத் திரித்து, கட்டியை எடுத்த பிறகு மிஞ்சுகிற தெளிந்த நீரைக் கூட அவர்கள் கொட்டவில்லை. அதைக் கொப்பரையில் ஊற்றி மணிக்கணக்காகக் காய்ச்சி, நாம் பாலைச் சுண்டக் காய்ச்சித் திரட்டுப்பால் செய்கிற மாதிரி, பழுப்பு நிறத்தில் இனிப்பான ஒரு கட்டி செய்தார்கள். இன்றைக்கும் நார்வேயில் காலை உணவு மேஜையில் அது இல்லாமல் இராது. வறுமையில் பிறந்த பண்டம், பிற்பாடு தேசிய உணவாகிவிட்டது.

புல் அறுப்பது அதைவிடப் பெரிய காரியம். குளிர்காலம் ஆறேழு மாதம். அத்தனை மாதத்துக்கும் ஆடுகளுக்கு வேண்டிய வைக்கோலைக் குட்டையான கோடையில் அறுத்துக் காய வைத்துச் சேர்த்துவிட வேண்டும். வீட்டைச் சுற்றியுள்ள புல் போதாது. மனிதன் நிற்க முடிகிற ஒவ்வொரு சரிவிலும் ஏறி, கைப்பிடி புல் இருந்தாலும் அரிவாளால் அறுத்தார்கள். மேற்கு நார்வேயில் பல பண்ணைகளில் மலைக்கு மலை கம்பி கட்டி, அறுத்த புல்லைக் கட்டுக்கட்டாக அந்தக் கம்பியில் கீழே ஓட விடுவார்கள்.

குழந்தைகள்? தவழும் குழந்தையை இடுப்பில் கயிறு கட்டி ஒரு முளையில் பிணைத்து வைப்பார்களாம், விளிம்புக்குப் போய்விடாதபடி. இதையும் எல்லோரும் சொல்கிறார்கள். ஏணிக் கதையைச் சந்தேகித்த நான் இதைச் சந்தேகிக்கவில்லை. அந்த விளிம்பில் நின்று கீழே பார்த்த எந்தத் தாயும் வேறென்ன செய்திருப்பாள்?

"ஏன் இங்கே வந்து குடியேறினார்கள்?" என்று கேட்காத பிரயாணி இல்லை. பைத்தியக்காரத்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். வீரம் என்று சிலர் புகழ்கிறார்கள். இரண்டும் இல்லை, கணக்கு. நார்வேயில் 'ஓடெல்' என்று ஒரு பழைய நில உரிமை உண்டு. பரம்பரை நிலத்தை அந்நியனுக்கு விற்றுவிட்டாலும் குடும்பத்தார் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமை அது. நிலம் துண்டு துண்டாகாமல் மூத்த பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது. குடும்பம் காப்பாற்றப்பட்டது, ஆனால் இளைய பிள்ளைகள்? அவர்கள் 'ஹூஸ்மன்' ஆனார்கள். அதாவது பண்ணைக்காரன் கொடுக்கிற சிறு குடிசைக்கும் கையகல நிலத்துக்கும் ஈடாக அவன் வயலில் உழைக்கிறவன். 1801-இல் நார்வேயின் ஜனத்தொகை சுமார் 8 லட்சத்து 83 ஆயிரம். 1900-க்குள் அது 22 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நிலம் மட்டும் ஓரங்குலமும் வளரவில்லை. அந்த நிலையில், கீழே பிறர் நிலத்தில் குனிந்து நிற்பதைவிட மேலே தன் வீட்டுத் திண்ணையில் நிமிர்ந்து நிற்பது மேல் என்று ஒருவன் நினைத்தால் அது பைத்தியக்காரத்தனமா?

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து நார்வேயில் பண்ணையின் பெயரே மனிதனின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அவன் வேறு பண்ணைக்குக் குடி போனால் பெயரும் மாறிவிடும். மனிதன் நிலத்துக்குப் பெயர் வைக்கவில்லை. நிலம் மனிதனுக்குப் பெயர் வைத்தது.

இவ்வளவு ஒட்டுறவு இருந்தும் ஏன் விட்டுப் போனார்கள்? முதல் பதில் எதிர்க்கரையிலேயே இருக்கிறது. ஏழு சகோதரிகளுக்குப் பக்கத்தில், தெற்கு வெயில் படுகிற அருமையான விளிம்பில் க்னிவ்ஸ்ஃப்ளோ. வீடுகளுக்கு நேர் மேலே பாறை பிதுங்கி நிற்கிறது. என்றைக்காவது விழும் என்ற பயத்தில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கிருந்தவர்கள் இறங்கிவிட்டார்கள்.

ஃபியோர்டில் இது வீண் பயமல்ல. மலை இடிந்தால் அடியில் இருப்பவர்கள் மட்டும் சாவதில்லை. பாறை தண்ணீரில் விழுந்ததும் அலை கிளம்புகிறது; குறுகலான சுவர்களுக்கு நடுவில் அதற்குப் பரவ இடமில்லை; ஓங்கி எழுந்து கரையோர ஊர்களின் மேல் பாய்கிறது. 1934-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 7-ஆம் தேதி விடியற்காலை 3 மணிக்கு, இதே ஃபியோர்டுக் குடும்பத்தைச் சேர்ந்த தாஃபியோர்டில் ஒரு மலைப் பாறை விழுந்தது. பாறை விழுந்த இடத்தில் அலை 60 மீட்டருக்கு மேல் எழும்பிற்று. தூங்கிக்கொண்டிருந்த 40 பேர் மாண்டார்கள். சற்றுத் தெற்கே லோவட்நெட் என்ற ஏரியில் 1905-இல் 61 பேர், 1936-இல் 74 பேர். ஒரே ஏரி, ஒரே மலை, முப்பத்தொரு வருஷ இடைவெளி.

இதில் ஒரு வேடிக்கையான நியாயம் இருக்கிறது. மலை விளிம்பில் வாழ்ந்தவன் மேலிருந்து விழும் கல்லுக்குப் பயந்தான். அலை அவனைத் தொடாது. கரையில் வாழ்ந்தவனுக்குக் கல் பயம் குறைவு. அலை பயம் அதிகம். பத்திரமான இடம் என்று ஒன்று ஃபியோர்டில் கிடையாது. எந்த ஆபத்தோடு குடித்தனம் நடத்துவது என்பதுதான் மனிதன் செய்துகொள்ளக் கூடிய தேர்வு.

ஆபத்து கடந்த காலத்தோடு முடிந்துவிடவும் இல்லை. கெய்ராங்கருக்கு அப்பால், அடுத்த ஃபியோர்டில், ஓக்கர்நேசெட் என்ற மலைச் சரிவில் நீளமான ஒரு வெடிப்பு இருக்கிறது. வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் அது அகன்றுகொண்டே வருகிறது. விஞ்ஞானிகள் கருவிகளைப் பதித்து இரவும் பகலும் காவல் காக்கிறார்கள். அது முழுவதும் ஒரு நாள் சரிந்தால் சில நிமிஷங்களில் அலை கெய்ராங்கருக்கு வந்துவிடும். 2015-இல் இதை வைத்து 'அலை' என்ற பொருளில் ஒரு சினிமாப் படமே எடுத்தார்கள். அந்த ஊர் ஜனங்களும் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கிறார்கள். வேறென்ன செய்ய முடியும்?

ஸ்காகெஃப்ளோ 1916-இல் காலியாயிற்று. அந்த ஆண்டில் மலை இடியவில்லை. பஞ்சமும் வரவில்லை. முப்பாட்டன் ஏறிய அதே பாதைதான். பாட்டி அறுத்த அதே புல்தான். அப்படியானால் எது மாறிற்று?

கீழே உலகம் மாறிற்று. 1825-இல் ஸ்தவாங்கர் துறைமுகத்திலிருந்து 'ரெஸ்டொராசியோன்' என்ற சின்னஞ்சிறு கப்பலில் 52 பேர் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்கள். அடுத்த நூறு ஆண்டுகளில் அவர்கள் வழியே போன நார்வேஜியர்கள் சுமார் 8 லட்சம் பேர். 1801-இல் நாட்டில் இருந்த மொத்த ஜனத்தொகைக்கு ஏறக்குறைய அது சமம்! போனவர்கள் கடிதம் எழுதினார்கள். கல் இல்லாத நிலம், கண்ணுக்கெட்டிய மட்டும் சமதரை என்ற செய்தி, புல்லைக் கைப்பிடியாக அறுத்துக்கொண்டிருந்தவன் காதில் எப்படி விழுந்திருக்கும்!

ஊரிலும் வேறு பிழைப்பு வந்தது. 1869-இல் முதல் உல்லாசக் கப்பல் கெய்ராங்கருக்கு வந்தது. 1889-இல் மலைக்கு அப்பால் போகும் பாதை திறந்தார்கள். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் அந்தப் பாதைக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஜெர்மன் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம் 1914-இல் யுத்தம் மூளும் வரையில் ஏறக்குறைய ஒவ்வொரு கோடையிலும் நார்வே ஃபியோர்டுகளுக்குத் தம் கப்பலில் வந்துகொண்டிருந்தார். பிரயாணிகளைக் குதிரை வண்டியில் ஏற்றி மலை காட்டினால், ஒரு கோடையில் ஆடுகள் தராத ரொக்கம் கைக்கு வந்தது.

என் மனத்தில் பட்ட முடிவு இதுதான். மேலே வாழ்க்கையின் கஷ்டம் கூடியதால் அவர்கள் இறங்கவில்லை. மற்ற இடங்களில் கஷ்டம் குறைந்ததால் இறங்கினார்கள். எல்லோரும் சுமக்கிற பாரம் பாரமாகத் தெரிவதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் இறக்கி வைத்த பிறகுதான் நம் தோள் வலிக்கத் தொடங்குகிறது. கிராமங்கள் காலியாவதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பஞ்சத்தையும் கொள்ளைநோயையும் தேடுகிறார்கள். இப்படிச் சத்தமில்லாமல் வந்த இலேசான காரணத்தைத் தேடுவதில்லை.

இலக்கியத்தின் விசித்திரத்தையும் பாருங்கள். ஸ்காகெஃப்ளோ காலியான மறு வருஷம், 1917-இல், க்னுட் ஹாம்சன் ஒரு நாவல் வெளியிட்டார். ஆளில்லாத காட்டுக்குள் ஒருவன் தனியாகப் போய், கல்லைப் பெயர்த்து, நிலம் திருத்தி, குடும்பம் கட்டும் கதை. 1920-இல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. க.நா.சுப்ரமண்யம் அதை 'நிலவளம்' என்று தமிழில் தந்திருக்கிறார். பிற்காலத்தில் ஹாம்சன் ஹிட்லரின் பக்கம் சாய்ந்து தம் பெயரைக் கெடுத்துக்கொண்டது வேறு கதை. நாவலில் மனிதன் மலைக்குள் ஏறிப் போகிறான். நிஜத்தில் மனிதன் மலையை விட்டு இறங்கி வருகிறான். ஒரு வாழ்க்கை கை நழுவிப் போகும்போதுதான் அதற்குக் காவியம் கிடைக்கிறது போலும். மேலேயே இருந்திருந்தால் புல் அறுக்கவே பொழுது சரியாக இருக்கும். யார் எழுதுவது, யார் படிப்பது?

காலியான வீடுகள் அரை நூற்றாண்டுக்கு மேல் மழையிலும் பனியிலும் நின்றன. 1975-இல் 'ஸ்தூர்ஃபியோர்டின் நண்பர்கள்' என்று ஒரு சங்கம் தோன்றியது. அந்தச் சங்கத்தார் இடிந்த பண்ணைகளை ஒவ்வொன்றாகச் செப்பனிடத் தொடங்கினார்கள். 1993-இல் நார்வே அரசர் ஹரால்டும் அரசி சோன்யாவும் தங்கள் மணவாழ்வின் வெள்ளி விழாவைக் கொண்டாட ஸ்காகெஃப்ளோவுக்கு வந்தார்கள். எந்த அரசனும் பிடிக்காத வீட்டுக்கு அரசர் விருந்தாளியாக வந்துவிட்டார். ஏணியை இழுத்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை.

இந்தக் கதையை நண்பர் எனக்குச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். நாங்கள் வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்துப் புல்லில் உட்கார்ந்திருந்தோம். அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆளில்லாத வீட்டுக்கும் கூரை போடுறாங்கள், பாத்தியளோ ஐயா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? அவருடைய வீடு வலிகாமத்தில் இருந்தது. 1990-இல் யுத்தத்தின்போது அவருடைய பெற்றோர் ஒரு பகலில் எழுந்து போனார்கள். பின்னர் அந்தக் கிராமம் ராணுவத்தின் பாதுகாப்பு வலயமாயிற்று. பல வருஷங்களுக்குப் பிறகு அவர் போய்ப் பார்த்தபோது, கிணறு இருந்ததாம்; வீடு இருந்த இடத்தில் பூவரச மரங்கள் நின்றனவாம்.

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு ஸ்காகெஃப்ளோவின் சரித்திரம் முழுவதும் புரிந்தது. வீட்டை விட்டுப் போவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, தானே கதவைச் சாத்தி, ஆடுகளை விற்று, தட்டுமுட்டுச் சாமான்களை முதுகில் ஏற்றிக்கொண்டு, வேறு நல்ல வாழ்வு நோக்கி இறங்குவது. மற்றொன்று, துரத்தப்பட்டு ஓடுவது. இரண்டு வீடுகளும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் பாழடைகின்றன. ஆனால் முதல் வீட்டின் இடிபாட்டில் துக்கம் மட்டும் இருக்கிறது; இரண்டாவதன் இடிபாட்டில் வழக்கு இருக்கிறது. தீர்ப்புச் சொல்லப்படாத வழக்கு. ஸ்காகெஃப்ளோவின் பேரப்பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை உல்லாசமாக இங்கே ஏறி வந்து ரொட்டி சாப்பிடலாம். பாட்டன் பட்ட பாட்டைச் சொல்லிச் சிரிக்கவும் செய்யலாம். அந்தச் சிரிப்புக்கு உரிமை, விருப்பத்தோடு விட்டு வந்தவனின் சந்ததிக்குத்தான் உண்டு.

நூறு ஆண்டுக்கு முன் தன் பிள்ளைகளுக்குச் சோறு போட முடியாமல் கப்பலேற்றி அனுப்பிய தேசம், இன்றைக்கு யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குச் சோறு போட்டு, பாஷை கற்றுக் கொடுத்து, ஓட்டுரிமையும் கொடுத்திருக்கிறது. அந்தப் பிள்ளை முதலில் செய்த வேலை, உள்ளூர்க்காரர்கள் செய்யத் தயங்கிய வேலை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்குச் சரியாகும்.

பிற்பகலில் எழுந்து நடந்தோம். பாதை வீட்டுக்கு மேலே இன்னும் ஏறி, கோடையில் மாடு மேய்க்கப் பயன்பட்ட பழைய மேய்ச்சல் குடிசைகளுக்குப் போகிறது. பிறகு பிர்ச் மரக் காட்டுக்குள் புகுந்து, ஹோம்லோங் என்ற இடத்தில் ஃபியோர்டின் கரைக்கு இறங்கிவிடுகிறது. இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம் என்பதை என் முழங்கால்கள் எனக்கு எடுத்துச் சொல்லின. முதுகில் பாலாடைக் கட்டி மூட்டையோடு இந்த மலையில் ஏறி இறங்கியவர்களை நினைத்துக்கொண்டேன். அவர்களில் யாருடைய பெயரும் பாடப் புத்தகத்தில் இல்லை. அவர்கள் எந்த யுத்தத்தையும் ஜெயிக்கவில்லை. ஒரு தேசத்தின் மூன்று ஏக்கரை மூன்றேகால் ஏக்கராக ஆக்கினார்கள். பிழைக்க வேறு வழி கிடைத்த வரையில் பிள்ளைகளைக் கயிற்றில் கட்டியாவது காப்பாற்றினார்கள். வழி கிடைத்ததும் பெருமை பேசாமல் இறங்கிப் போனார்கள்.

போகும்போது ஒரு கதையை மட்டும் மேலேயே வைத்துவிட்டுப் போனார்கள். வரி அதிகாரி கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற கதை. அது நடந்ததா இல்லையா என்று இனி நான் விசாரிக்கப் போவதில்லை. நூற்றுக்கணக்கான வருஷங்கள் அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்த ஜனங்கள், ஒரே ஒரு கதையிலாவது அதிகாரியை அண்ணாந்து பார்க்க வைத்திருக்கிறார்கள். அந்த ஏணி அவர்கள் கையிலேயே இருக்கட்டும்.